உன் பெயரில் அவனுக்குத் துண்டு இல்லை

மகளே, இதை வாசிக்கிற நாளில் உனக்கு இப்போதைய என் வயதாவது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் இது உன் கைக்கு வராது. எனக்கு இப்போது பத்தொன்பது. நீ பிறந்து ஆறு கிழமை முடியப்போகிறது. இந்த அறையின் மறுபக்கத்தில் வாயைத் திறந்தபடி தூங்குகிறாய். என்றைக்காவது பள்ளிக்கூடத்திலிருந்தோ ஒரு கலியாண வீட்டிலிருந்தோ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்து, "ஏனம்மா எனக்கு இந்தப் பேரை வைச்சனீங்கள்?" என்று நீ கேட்கத்தான் போகிறாய். எனக்கு வாயால் பதில் சொல்ல வராது; எழுத வரும். அதையும் கோபம் ஆறுவதற்கு முன் எழுதிவிட வேண்டும். ஆறின பிறகு எழுதினால் எல்லாரையும் நல்லவர்களாக்கி, ஒருவர் மனமும் நோகாமல் எழுதிவிடுவேன். அப்படி எழுதுவது எனக்கு நன்றாகப் பழகிப்போன காரியம். அது உனக்கு உதவாது.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. இங்கே ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் பரீட்சையில் எழுதுவது பாதிதான். மீதிப் பாதி, வகுப்பில் கையை உயர்த்தி வாயைத் திறந்தாயா என்பதற்குப் போடுகிற புள்ளி. எனக்கு விடை தெரியும். தெரிந்த விடை தொண்டை வரைக்கும் வரும், அதற்குமேல் வராது. ஒவ்வொரு பெற்றோர் சந்திப்பிலும் ஆசிரியர்கள் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: பிள்ளை கெட்டிக்காரி, ஆனால் வகுப்பில் கலந்துகொள்வதில்லை. அதை அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்வதும் நான்தான். திரும்பி வருகிற வழியில் அப்பா கேட்பார், "வாயுக்குள்ள என்ன, கொழுக்கட்டையோ? நான் உடைஞ்ச டொச்சில கத்திக் கத்தி இஞ்ச இருபது வருசம் வேலை செய்யிறன். உனக்கு அந்த மொழி தண்ணி மாதிரி வருது, நீ பேசாமல் இருக்கிறாய்." சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மட்டும் யாரும் என்னைக் கையை உயர்த்தச் சொல்லவில்லை. எழுது என்றார்கள், எழுதினேன். அதனால்தான் தமிழ். இதை வாசிப்பதற்காகவே நீ தமிழ் படிக்க வேண்டியிருக்கும். அதுவும் என் பிடிவாதம் என்று வைத்துக்கொள்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு ஆசிரியை, எல்லாரும் தங்கள் பெயரின் கருத்தை வீட்டில் கேட்டுக்கொண்டு வரவேண்டும் என்றார். என் அம்மா, அதாவது உன் அம்மம்மா, அப்போது வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அலுவலகங்களைத் துப்புரவாக்குகிற வேலை. "கே அப்பாவில இருந்து, கேதீஸ்வரன். மிதா என்னில இருந்து, மிதுலா. ரெண்டையும் ஒட்டிக் கேமிதா. வேறென்ன கருத்து வேணும் உனக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வகுப்பில் மத்தில்டா என்கிற பிள்ளை எழும்பி, என் பெயருக்குப் போரில் வலிமை என்று கருத்து என்றாள். எல்லாரும் மேசையில் தட்டினார்கள். ஒரு துருக்கிப் பிள்ளை, என் பெயர் நிலாவைச் சுற்றியிருக்கிற ஒளி என்றாள். என் முறை வந்தது. ஒரு கருத்தும் இல்லை என்று சொன்னேன். ஆசிரியை தலையை ஒரு பக்கம் சாய்த்து "ஷாடெ" என்றார். ஐயோ பாவம் என்பது மாதிரியான சொல். பிறகு சுவரில் ஒட்டிய படத்தில் மத்தில்டாவுக்குக் கேடயம் வரைந்தார்கள், துருக்கிப் பிள்ளைக்கு நிலா. என் பெயருக்குப் பக்கத்தில் ஆசிரியை தானாகவே ஒரு பூ வரைந்துவிட்டார். வெறும் இடம் நல்லாயிருக்காது என்று. அந்தப் பூவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆண்டு முடியும் வரைக்கும் அது சுவரில் இருந்தது. கழற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அம்மாவுடன் மட்டும் பல நாள் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. யாரில் கோபப்பட வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டு, வீட்டில் களைத்துப்போய் வருகிறவர்களில் காட்டுவது சுலபம். நீயும் என்னில்தான் காட்டுவாய். காட்டு. ஆனால் யாரில் காட்டவேண்டியதை என்னில் காட்டுகிறாய் என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். வாய்க்குப் புள்ளி போடாத வேலை எது என்று தேடி, ஹனோவரில் ஒரு கேக் கடையின் பின்பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். முதலாளி அம்மாவைச் செஃபின் என்று கூப்பிடுவோம். பெரிய குரல், பெரிய கை. முதல் மாதம் தட்டுக் கழுவினேன். ஒருநாள் அவர் கையில் காயம்பட்டு, ஞானஸ்நானக் கேக் ஒன்றில் பெயர் எழுத ஆளில்லாமல் போனது. நான் எழுதினேன். அதற்குப் பிறகு அந்தக் கடையில் பெயர் எழுதுகிற வேலை என்னுடையது. கரைத்த சொக்கலேட்டைக் கூம்புக் கடதாசியில் ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் எழுதவேண்டும். நடுவில் நிறுத்தினால் எழுத்தில் ஒரு முடிச்சு விழும். யாருடனும் கதைக்கத் தேவையில்லை. எத்தனையோ பிள்ளைகளின் பெயரை ஊர் கூப்பிடுவதற்கு முன் என் கை கூப்பிட்டிருக்கிறது.

இப்போது ஜேர்மன்காரர்கள் தங்கள் பழைய பெயர்களைத் திரும்பவும் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். மத்தில்டா, ஃபிரீடா, கொன்ராட், ஹில்டா. முதியோர் இல்லத்து வாசலில் எழுதியிருக்கிற பெயரெல்லாம் இப்போது தொட்டிலில் கிடக்கிறது. எங்கள் ஆட்களும் அந்தக் கடைக்கு வருவார்கள். அவர்களுக்கு எல்லாம் நீளப் பெயர். "தங்கச்சி, எழுத்தைச் சின்னனாக்கி எழுதுங்கோ, ஒண்டையும் வெட்டிப்போடாதேங்கோ, எண் சாத்திரம் பாத்து வைச்ச பேர்" என்பார்கள். நான் எழுதுவேன். எழுதும்போது எனக்குள் அந்த ஆசிரியை தலையைச் சாய்த்து "ஷாடெ" என்பார். இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். நிலுக்சனா, துவாரிகன், அபினிசா என்று எழுதும்போதெல்லாம், இவர்களும் சுவரில் ஒரு பூவோடு நிற்கப்போகிறார்கள் என்று நினைத்து, அந்தத் தாய்தகப்பனில் எரிந்து விழுவேன். மனதுக்குள்தான்.

கேக்கில் என்ன எழுதுவது என்று யோசிக்கிறவர்கள் புரட்டிப்பார்க்க, கடைத் தட்டில் ஒரு பெயர்ப் புத்தகம் கிடந்தது. ஒருநாள் தேநீர் இடைவேளையில் மத்தில்டா பக்கத்தைத் தேடினேன். அந்தக் கேடயத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற எரிச்சல்தான். அங்கே கண்டது வேறு. ஆயிரம் வருசத்துக்கும் முன்னால் இந்த நாட்டு ஆட்களிடம் பெயருக்கென்று ஒரு சாக்கு நிறையச் சொல் துண்டுகள் இருந்தன. ஓநாய், கரடி, ஈட்டி, புகழ், வலிமை, சமாதானம். சண்டைக்கு மட்டும் நாலைந்து சொல். பிள்ளை பிறந்ததும் தகப்பனின் பெயரில் ஒரு துண்டு, தாயின் பெயரில் ஒரு துண்டு எடுத்து ஒட்டிவிடுவார்கள். தாயின் பக்கத்துக் கிழவனின் துண்டாகவும் இருக்கலாம். ஒட்டினால் கருத்து வருகிறதா என்று பார்ப்பதே இல்லை. ஃபிரெடெகுண்ட் என்று ஒரு பெயர். முன்பாதி சமாதானம், பின்பாதி சண்டை. என்ன கருத்து? ஒன்றுமில்லை. இந்தப் பிள்ளை இன்னார் இரண்டு பேருக்கும் பிறந்தது என்பதுதான் கருத்து. முழுப் பெயருக்கும் அர்த்தம் தேடவேண்டாம் என்று புத்தகமே எழுதியிருந்தது. மத்தில்டாவும் அப்படித்தான். வலிமை ஒரு துண்டு, போர் ஒரு துண்டு. போரில் வலிமையானவள் என்று வசனமாக்கியது பிறகு வந்தவர்கள்.

நான் புத்தகத்தை மூடிவிட்டுக் குளிர் அறைக்குள் போய் நின்றேன். கே அப்பாவில இருந்து, மிதா என்னில இருந்து. வேறென்ன கருத்து வேணும் உனக்கு? அம்மா சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டு சொன்ன அந்தப் பதில்தான் சரியான பதில். மத்தில்டாவின் பெயர் செய்யப்பட்ட விதத்தில்தான் என் பெயரும் செய்யப்பட்டிருக்கிறது. அவளுக்குக் கேடயம், எனக்குப் பூ. சந்தோசம் வந்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. குளிரில் நடுங்கிக்கொண்டு, ஒரு தட்டு வெண்ணெய்க் கட்டிகளுக்கு நடுவில், தனியாக, நல்ல ஆத்திரம்.

இனி உன் தகப்பனைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் பெயர் நிலக்சன். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. டுசல்டோர்ஃபில் நடந்த தமிழ் விளையாட்டுப் போட்டியில் கண்டேன். நான் கதைக்காமல் இருப்பது அவனுக்குப் பிடித்திருந்தது. "மற்றப் பெட்டையள் எல்லாம் கடகடவெண்டு கதைக்கிறாளவை. நீ நல்ல அமைதி" என்றான். அது எனக்குப் பெருமையாக இருந்தது. உனக்கு யாராவது அப்படிச் சொன்னால், அவனுக்கு உன் அமைதியால் என்ன லாபம் என்று ஒருதரம் யோசி. நீ வயிற்றில் வந்ததைச் சொன்னபோது, "அம்மாட்டக் கதைச்சிட்டுச் சொல்லுறன்" என்றான். பிறகு சொல்லவே இல்லை. தொலைபேசியை எடுக்கவும் இல்லை. கலியாணம் கட்டாமல் வயிற்றோடு ஹனோவர் முழுக்க நான் நடந்தேன். கோயிலுக்குப் போகாமல், கொண்டாட்டங்களுக்குப் போகாமல் அம்மாவும் அப்பாவும் என்னோடு வீட்டுக்குள் இருந்தார்கள். அவர்கள் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நீ பிறந்தாய். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் வந்து, பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டாள். கலியாணம் கட்டாத தாயென்றால் இந்த நாட்டில் பெயர் வைக்கிற உரிமை அவளுக்கு மட்டும்தான். அந்தப் பழைய ஆட்களின் முறையில் பார்த்தால், என்னில் ஒரு துண்டும் நிலக்சனில் ஒரு துண்டும் எடுக்கவேண்டும். நிலக்சனில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று தேடிப்பார்த்தேன். எடுக்காத தொலைபேசிதான் இருந்தது. அப்போது கடைப் புத்தகத்தில் நான் விரல் வைத்து நின்ற இன்னொரு பெயர் ஞாபகம் வந்தது. ஹெட்விக். முன்பாதி சண்டை. பின்பாதியும் சண்டை, வேறொரு சொல்லில். இரண்டு துண்டும் ஒரே பக்கம். அவனிடம் ஒன்றும் வாங்கத் தேவையில்லை. என்னிடம் வாயில் வராமல் தங்கிக்கிடந்ததெல்லாம் சண்டைதான். அதில் இரண்டு துண்டு உனக்குத் தந்தேன். அந்தப் பெண்ணிடம் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் குனிந்து இன்னொருதரம் கேட்டு எழுதிக்கொண்டாள். பெயர் பதிவாகிவிட்டது.

வீட்டில் நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு, முப்பத்தோராம் நாள் துடக்கு என்கிற பிள்ளைப்பேற்றுத் தீட்டு கழியும் வரைக்கும் பிள்ளைக்குப் பெயரே கிடையாது. அதுவரை குஞ்சு, ராசாத்தி, பிள்ளை. ஜேர்மன் அரசாங்கம் அந்த நாளுக்காகக் காத்திராது என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எல்லாரும் உன்னைக் குஞ்சு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும், ஒருவரும் இல்லாத நேரத்தில், ஹெட்விக்கைச் சுருக்கி உன் காதுக்குள் ஹெடி என்று கூப்பிட்டேன்.

இதற்குள் என் பெரியம்மா, அம்மாவின் அக்கா, களத்தில் இறங்கிவிட்டார். உன் படத்தை நிலக்சனின் தாய்க்கு அனுப்பியிருக்கிறார். உனக்கு அவன் மூக்கு. அது உன் பிழையில்லை. மூக்கைப் பார்த்ததும் அந்த மனுசி இரங்கி வந்திருக்கிறார். குசினியில் பெரியம்மா தொலைபேசியில் கதைப்பதை, உனக்குப் பால் கொடுத்துக்கொண்டு அடுத்த அறையில் இருந்து கேட்டேன். "ஓமோம், நீங்கள் சொல்லுற பேர்தான். முப்பத்தோராம் நாள் நீங்கள் எல்லாரும் வந்து சபையில நிண்டாப் போதும், பிறகு கலியாண எழுத்தை வைப்பம். அவளோ? அவள் ஒண்டும் சொல்லமாட்டாள். வாய் திறவாத பிள்ளை. அதுதான் அவளிட்ட நல்ல குணம்." பள்ளிக்கூடத்தில் எனக்குப் புள்ளி குறைத்த அதே வாய் திறவாமை, இங்கே பெரியம்மா விற்கிற சாமானாகிவிட்டது. வெளியே வந்தவரிடம் "என்ன பேர் பெரியம்மா?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன். "பேர் விசயம் பெரியாக்கள் பாப்பம். நீ பாலைக் குடு" என்றார். அம்மா கையில் தேநீரோடு நின்று என்னைப் பார்த்தார். சேர்த்துச் சொன்னால், கொடுக்கல் வாங்கல் இதுதான். அவர்கள் சொல்கிற பெயரை ஏற்றால் உனக்கு ஒரு தகப்பன், எனக்கு ஒரு தாலி, அம்மா அப்பாவுக்குத் திரும்பவும் கோயில் வாசல். ஏற்காவிட்டால் ஒன்றும் இல்லை.

முப்பத்தோராம் நாளுக்கு முதல்நாள் கடையிலிருந்து செஃபின் தொலைபேசியில் கூப்பிட்டார். "உன் பெரியம்மா பெரிய கேக் ஒன்று கேட்டிருக்கிறார். உன் மகளின் பெயரை இப்படித்தானா தெரிந்துகொள்வது? அழகான பெயர்தான், ஆனால் எனக்கு எழுத்து ஓடவில்லை. நீ வேலை செய்யக்கூடாத காலம் என்று தெரியும். எப்படி எழுதுவதென்று சும்மா சொல்லு, நான் எழுதுகிறேன்." என்ன பெயர் என்று கேட்டேன். தன் பிள்ளையின் பெயரைக் கேட்கிற தாயைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ. எழுத்து எழுத்தாக வாசித்தார். நிலக்சிகா.

நன்றாகக் கேட்டுக்கொள். அந்தப் பெயரில் கருத்து இல்லை என்பது என் கோபம் இல்லை. கருத்தில்லாத பெயருக்காக இனி நான் யாரிடமும் தலை குனியமாட்டேன். நிலக் அவன். சிகா எண் சாத்திரக்காரன் கூட்டிக் கழித்துப் போட்ட துண்டு. நான் எங்கே? பத்து மாதம் சுமந்தவளுக்கு ஒரு எழுத்து இல்லை. பெட்டி ஏற்றுகிறவனுக்கு முன்பாதி முழுக்க. உன்னைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். செஃபின் உன்னைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போனார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில், முடிச்சு விழாமல் ஹெட்விக் என்று எழுதி, பெட்டியை மூடி நாடா கட்டினேன். கை நடுங்கவில்லை. வாய்தானே எனக்கு நடுங்குவது.

மறுநாள் காலையில் ஐயர் வீட்டுக்கு வந்து துடக்குக் கழித்துவிட்டுப் போனார். பின்னேரம் ஒரு விளையாட்டுக் கழகத்தின் மண்டபம். நிலக்சன் மூன்று கார் சனத்தோடு வந்தான். என்னைப் பார்த்து, நேற்றுத்தான் கண்ட மாதிரி, "எப்பிடி?" என்றான். அவன் தாய் உன்னை மடியில் வாங்கி, பஞ்சாயுதம் கோத்த சங்கிலியை உன் கழுத்தில் கட்டினார். சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்று ஐந்தும் பொன்னில் குட்டியாகத் தொங்குகிற அந்தப் பதக்கம், பிள்ளையை ஒன்றும் அணுகாமல் காக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. எல்லாரும் படம் எடுத்தார்கள். பிறகு பெரியம்மா கேக் பெட்டியைத் திறந்தார்.

"என்னடி இது," என்றார். "கேக் மாறி வந்திட்டுது."

எட்டிப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். "இது ஏதோ வெள்ளைக்காரப் பிள்ளையின்ர கேக்." "அப்ப அங்க ஒரு வெள்ளைக்காரி நிலக்சிகா எண்டு வாசிக்க ஏலாமல் முழுசிக்கொண்டு நிப்பாள்." மண்டபமே சிரித்தது. எனக்கு இது தோன்றவே இல்லை, மகளே. எழுதிவிட்டால் போதும், கேக் எனக்காகக் கதைக்கும் என்று நினைத்திருந்தேன். எழுதி வைத்தாலும், வாய் திறக்காதவளின் சொல்லைக் கடையின் பிழை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

"கேமி, உன்ர கடைதானே, அடிச்சு நாலு கேள்வி கேள்," என்றார் பெரியம்மா. பிறகு அவரே, "சரி விடு, இனி எங்க மாத்துறது. ஒரு கத்தி தாங்கோ, பேரை வழிச்சுப்போட்டு வெட்டுவம்," என்றார். கத்தியை வாங்கி, முதல் எழுத்தின் அடியில் கொண்டுபோய் வைத்தார்.

"மாறேல்லை," என்றேன்.

பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்குத்தான் கேட்டது. இன்னொருதரம் சொன்னேன். "கேக் மாறேல்லை. நான்தான் எழுதினனான். அதுதான் பிள்ளையின்ர பேர். ஆஸ்பத்திரியிலயே பதிஞ்சாச்சு."

பெரியம்மாவின் கை அப்படியே நின்றது. "ஆரைக் கேட்டுப் பதிஞ்சனீ?" என்றார். நிலக்சனின் தாய் எழும்பி, "எங்கட வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளைக்காரப் பேரோ?" என்றார். எனக்கு அதற்குமேல் வரவில்லை. வந்த அளவு வந்துவிட்டது. அப்போது, தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னார், "உங்கட வீட்டுப் பிள்ளையெண்டா இவ்வளவு மாசமும் உங்கட வீட்டுத் தொலைபேசி எங்க போனது?" அம்மா சபையில் கதைத்து நான் கண்டதே இல்லை. இந்த ஊமைத்தனம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

அப்பா என்னிடம் வந்தார். "என்ன கருத்து, பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வியையே வாழ்க்கை முழுக்கக் கேட்கிறார்கள் என்று முதலில் சினம் வந்தது. ஆனால் அவர் தலையைச் சாய்க்கவில்லை. உண்மையாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"முன்னுக்குச் சண்டை," என்றேன்.

"பின்னுக்கு?"

"அதுவும் சண்டைதான்."

அப்பா கேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அதுக்குத் தப்பித்தானே, பிள்ளை, நாங்கள் இஞ்ச ஓடி வந்தனாங்கள்," என்றார். அன்றைக்கு மண்டபத்தில் சொன்ன சொற்களில் இது ஒன்றுதான் எனக்குப் பட்டது. அவர் ஓடி வந்த சண்டை வேறு, நான் ஓடாமல் நிற்கவேண்டிய சண்டை வேறு என்று இப்போது எழுதலாம். அவர் முகத்துக்கு நேரே சொல்ல என்னால் முடியாது. நீ வளர்ந்து உனக்குச் சொல்லத் தெரிந்தால் உன் அம்மப்பாவிடம் சொல்.

நிலக்சனின் தாய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். "கேட்டியளோ, தகப்பனே சொல்லுறார். சண்டையெண்டு ஆரும் பச்சைப் பிள்ளைக்குப் பேர் வைப்பினமோ? அபசகுனம்."

அப்பா அவர் பக்கம் திரும்பினார். "நான் என்ர மகளோட கதைக்கிறன், அக்கா," என்றார். "உங்களுக்குச் சொல்லுறதெண்டா, பச்சைப் பிள்ளையின்ர கழுத்தில ஐஞ்சு ஆயுதத்தை இப்பத்தான் நீங்கள் கட்டினீங்கள். கழுத்தில ஐஞ்சு தொங்கலாம், பேரில ரெண்டு இருக்கக் கூடாதோ?"

ஒரு பொடியன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். நிலக்சன் என் பக்கத்தில் வந்து காதோடு சொன்னான், "கேமி, பேர்தானே. விட்டுக் குடன். பிறகு பாப்பம்." பேர்தானே. அவன் தாய்க்கு அது அவ்வளவு வேண்டியிருந்தது, எனக்கு மட்டும் அது ஒன்றுமே இல்லையாம். மகளே, உன்னிடமிருந்து ஒன்றைப் பிடுங்க வருகிறவர்கள் அது ஒன்றும் பெரிதில்லை என்றுதான் தொடங்குவார்கள். பெரிதில்லையென்றால் நீயே விடு என்று கேள். நான் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன், இல்லையென்று.

அதற்குப் பிறகு அந்த மனுசி செய்ததை நான் மறக்கமாட்டேன். மறந்துவிடுவேன் என்ற பயத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உன்னிடம் வந்து, கழுத்தின் பின்பக்கம் விரலை விட்டு, பஞ்சாயுதத்தைக் கழற்றினார். கொளுக்கி உன் தோலில் பட்டு நீ வீரிட்டாய். முப்பத்தொரு நாள் பிள்ளை. அவர் அதைப் பஞ்சு வைத்த பெட்டிக்குள் போட்டு, பெட்டியைக் கைப்பைக்குள் போட்டு, "வாங்கோ போவம்" என்றார். மூன்று கார் சனமும் போனது. நிலக்சன் வாசலில் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான் அவன் சண்டை.

பெரியம்மா ஒரு கதிரையில் இருந்து, "இவ்வளவு சோறையும் கறியையும் நான் என்ன செய்ய? என்னை நாளைக்கு ஆர் மதிப்பினம்?" என்று அழுதார். என்னோடு இன்னும் கதைப்பதில்லை. கதைக்காமல் இருப்பது எவ்வளவு பாரம் என்று அவரும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும். அம்மா அவர் கையிலிருந்து கத்தியை எடுத்து, பெயரைத் தொடாமல் ஓரத்திலிருந்து கேக்கை வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அப்பா உன்னைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். நாலைந்து தரம் பிழையாக வந்தது. "வீட்டில என்னெண்டு கூப்பிடுறது?" என்றார். ஹெடி என்றேன். "எடி எண்டு கூப்பிட்டாலும் திரும்புவாள் போல கிடக்கு," என்றார். சிரித்தார் என்று சொல்லமாட்டேன்.

உனக்கு இந்தப் பெயர் பிடிக்காமல் போகலாம். பள்ளிக்கூடத்தில் கிழவியின் பெயர் என்பார்கள், எங்கள் ஆட்கள் வாயில் நுழையவில்லை என்பார்கள், கறுத்தப் பிள்ளைக்கு இதென்ன பெயர் என்று இரண்டு பக்கமும் கேட்பார்கள். வேண்டாமென்றால் மாற்று. எனக்குக் கோபம் வரும், வரட்டும். ஆனால் வாயைத் திறந்து, எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு மாற்று. யாராவது கருத்துக் கேட்டால் தலையைக் குனியாதே; இரண்டு துண்டையும் சொல். பாவம் என்று யாராவது பூ வரைய வந்தால் தூரிகையைப் பிடுங்கு.

அன்றைக்கு இருட்டுவதற்கு முன்னமே வீட்டுக்கு வந்துவிட்டோம். உன் உடுப்பைக் கழற்றியபோது கழுத்தின் பின்னால் கொளுக்கி கீறின சிவப்புக் கோடு இருந்தது. எண்ணெய் பூசிவிட்டேன். கழுத்தில் ஒன்றும் இல்லாமல்தான் நீ வீடு வந்தாய். பெயரில் இரண்டு இருந்தன.